யாருக்கும் சொந்தமில்லாத துளை

அன்றாடப் பொருள்கள் – 12

அப்பாவுக்கு ராத்திரி எட்டரைக்கு மேல் எஃப்.எம். கேட்டால்தான் தூக்கம் வரும். மொட்டை மாடியில் பாயை விரித்து, போனில் ஹெட்செட்டைச் செருகி, ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்வார். இன்னொரு காது, வாசலில் யாராவது கூப்பிட்டால் கேட்பதற்கு. அந்தப் பழைய போன் உயிரைவிட்டபோது, நல்லதாக ஒன்று தரவேண்டும் என்று கொஞ்சம் அதிக விலையிலேயே வாங்கிக் கொடுத்தேன். பெட்டியைப் பிரித்தவர் போனை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஹெட்செட்டை எங்கேடா சொருகுறது?"

ப்ளூடூத் பட்ஸ் வாங்கித் தந்தேன். பாட்டு கேட்டது. எஃப்.எம். கேட்கவில்லை. போன்களில் எஃப்.எம். அலையைப் பிடிக்கும் ஆன்டெனாவே அந்த ஹெட்செட் ஒயர்தான் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. ஒயரைச் செருக இடமில்லை என்றானதும், அந்த போனைச் செய்தவர்கள் எஃப்.எம்.மையும் சேர்த்தே கைவிட்டிருந்தார்கள். புயல், வெள்ளம் வரும்போது செல்போன் டவர் சாய்ந்தாலும் வானொலி பேசிக்கொண்டிருக்கும். அதனால்தான் 2023-ல் ஒன்றிய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், போன்களில் இருக்கும் எஃப்.எம். வசதியை முடக்கிவைக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. ஆன்டெனா மாட்டும் வாசலை அடைத்துவிட்ட போனில் அந்த அறிவுறுத்தல் என்ன செய்யும்?

இந்த வாரப் பொருள், போனின் விளிம்பில் இருந்த அந்த 3.5 மி.மீ. துளை.

அதன் பூர்வீகம் தொலைபேசி நிலையம். 1870-களின் கடைசியில் அமெரிக்காவில் தொலைபேசி இணைப்பகங்கள் வந்தபோது, ஒருவர் லைனை இன்னொருவர் லைனோடு கையால் செருகி இணைக்கவேண்டியிருந்தது. அதற்காக சார்லஸ் ஸ்கிரிப்னர் என்ற பொறியாளர் வடிவமைத்த இணைப்பு மடக்குக்கத்தி போல இருந்ததால் 'ஜாக்-நைஃப்' என்றார்கள். பெயரில் கத்தி உதிர்ந்து, ஜாக் மட்டும் நின்றது. அந்தக் கால்வழியில் வந்த கால் அங்குலப் பின்னைத்தான் இன்றைக்கும் எலெக்ட்ரிக் கிட்டாரிலும் கச்சேரி மேடையின் மிக்ஸரிலும் செருகுகிறார்கள். டிரான்சிஸ்டர் ரேடியோவுக்காக அது 3.5 மி.மீ.-ஆகச் சிறுத்தது. 1979-ல் சோனியின் வாக்மேன் அதை உலகத்தின் காதுகளில் கொண்டுபோய் மாட்டியது.

அதன் வேலை ஒரு குழந்தைக்கும் விளங்கும். பின்னின் நுனி இடது காதுக்கு, அடுத்த வளையம் வலது காதுக்கு. மீதி இரண்டில் ஒன்று பொதுக் கம்பி, ஒன்று மைக். ஒலி, மின் அலையாக அப்படியே ஒயரில் ஓடுகிறது. இயர்போனுக்குள் இருக்கும் சுருள் அதற்கேற்ப அதிர்ந்து காற்றை அசைக்கிறது. நடுவில் சிப் கிடையாது, 'பேரிங்' கிடையாது, யாரிடமும் உரிமம் வாங்கவேண்டியதில்லை. நீ எந்தக் கம்பெனி என்று போனும் கேட்காது, ஹெட்செட்டும் கேட்காது. குறையில்லாத பொருள் என்று சொல்லமாட்டேன். மைக் கம்பியும் பொதுக் கம்பியும் இடம் மாறிய இரண்டு முறைகள் இருந்தன. ஒரு போனின் ஹெட்செட்டை இன்னொன்றில் மாட்டினால் சில சமயம் இசை மட்டும் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். பாடகர் குரல் வேண்டுமென்றால் மைக் பட்டனை அழுத்திப் பிடிக்கவேண்டும். அவ்வளவுதான் அதன் வம்பு.

2016 செப்டம்பர் 7. சான் பிரான்சிஸ்கோவில் ஐபோன் 7 அறிமுக மேடை. ஆப்பிளின் ஃபில் ஷில்லர் இந்தத் துளை இனி இல்லை என்று அறிவித்து, காரணத்தை ஒரே சொல்லில் சொன்னார்: துணிச்சல். ஜாக்கை முதலில் எடுத்தவர்கள் அவர்கள் அல்ல. 2012-லேயே ஓப்போவின் ஃபைண்டர் ஜாக் இல்லாமல் வந்தது. 2016-ல் ஐபோனுக்குச் சில மாதம் முன்பே மோட்டோ ஸி-யும் வந்துவிட்டது. ஆனால் சந்தை முழுவதும் திரும்பிப் பார்த்தது ஐபோன் எடுத்தபோதுதான். செய்தி முன்கூட்டியே கசிந்து, எடுக்காதீர்கள் என்று லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனு அதற்குள் சேர்ந்திருந்தது. மனு மனுவாகவே நின்றுவிட்டது.

நிறுவனம் சொன்ன காரணங்களை எடைபோட்டுப் பார்க்கவேண்டும். இடம் மிச்சமாகும் என்றார்கள். உண்மைதான். அதிர்வு மோட்டார் பெரிதானது, பேட்டரியும் கொஞ்சம் கூடியது. தண்ணீர் புகாது என்றார்கள். அதே 2016-ல் ஜாக்கோடு வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்7, ஐபோன் 7-ஐவிட ஒரு படி மேலான நீர்ப்பாதுகாப்புத் தரம் பெற்றிருந்தது. ஆகவே அந்தக் காரணம் நிற்காது. மூன்றாவது வாதம்தான் பலமானது: பழையது போனால்தான் புதியது வரும், 1998-ல் ஐமேக்கிலிருந்து ஃப்ளாப்பியை எடுத்தபோதும் இப்படித்தான் கூச்சலிட்டீர்கள்.

இந்த ஒப்பீடு எனக்கு உடன்பாடில்லை. ஃப்ளாப்பியில் 1.44 எம்.பி. அடங்கும். அதன் இடத்துக்கு வந்த சி.டி.யில் 650 எம்.பி. அடங்கும். அதைவிட மேலானது கையில் வந்தபிறகு பழையதை விட்டோம். ஜாக்கின் இடத்துக்கு வந்தது என்ன? ஒன்று, ஐபோனுக்குச் சார்ஜ் போடும் லைட்னிங் வாயில் செருகும் இயர்போன். அதைத் தயாரிக்க ஆப்பிளின் உரிமம் வேண்டும். இரண்டு, 9 டாலருக்கு ஒரு சின்ன அடாப்டர். முதலில் பெட்டியோடு தந்தார்கள், 2018-ல் அதையும் நிறுத்தினார்கள். சார்ஜ் போட்டுக்கொண்டே பாட்டுக் கேட்க இன்னொரு நிறுவனம் ஒரு பிரிப்பான் விற்றது, 40 டாலர். மூன்று, அதே மேடையில் அறிமுகமான ஒயரில்லா ஏர்பாட்ஸ், 159 டாலர். ஒயர் வைத்த இயர்போன் அப்போது 29 டாலருக்குக் கிடைத்தது.

எதிர்காலம் என்று சொல்லித் தரப்பட்ட அந்த லைட்னிங் எத்தனை நாள் வாழ்ந்தது? 2012-ல் வந்தது, 2023-ல் ஐபோன் 15 யு.எஸ்.பி.-சி-க்கு மாறிவிட்டது. 2016-ல் நம்பி லைட்னிங் இயர்போன் வாங்கியவர் அதை ஏழே வருடத்தில் புதுப் போனில் செருக முடியாமல் நின்றார். தாத்தாவின் டிரான்சிஸ்டரில் மாட்டிய ஒற்றைக் காது இயர்போனின் பின் போகும் அதே துளையில் இன்றைய ஹெட்செட்டும் போகும். யு.எஸ்.பி.-சி பக்கமும் நிலைமை குழப்பம்தான். சில போன்கள் அந்த வாய் வழியே ஒலியை மின் அலையாகவே அனுப்பின, சில எண்களாக மட்டும் அனுப்பின. ஒரு போனின் அடாப்டர் இன்னொன்றில் ஊமையாகிவிடும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே அச்சு.

போட்டியாளர்கள் நடந்துகொண்ட விதம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. 2016 அக்டோபரில் கூகுள் தன் முதல் பிக்ஸலின் விளம்பரத்தில் ஜாக் இருப்பதைப் பெருமையாகச் சொன்னது. அடுத்த ஆண்டே பிக்ஸல் 2-ல் அது இல்லை. சாம்சங் ஐபோன்காரர்களின் அடாப்டரைக் கிண்டலடித்து 2017-ல் விளம்பரம் எடுத்தது. 2019-ல் நோட் 10-ல் தானும் எடுத்தது. ஒன்பிளஸ் 2018-ல் எடுத்தது. ஜாக் வேண்டும் என்று சொன்ன வாடிக்கையாளர் ஒவ்வொரு முறையும் ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்கு நகர்ந்தார். கடைசியில் நகர இடமில்லை. "எல்லோரும் பழகிவிட்டார்களே" என்று இன்று சொல்கிறார்கள். பழகியது உண்மை. ஆனால் ஊருணியைத் தூர்த்துவிட்டு, எல்லோரும் கேன் தண்ணீர் வாங்குகிறார்களே என்று காட்டுவது போன்றது அந்தச் சாட்சியம்.

ஒயர்லெஸ்ஸின் நன்மையை மறுக்கவில்லை. பஸ்ஸில் ஒயர் சிக்கி இயர்போன் பிய்ந்துபோன கோபம் எனக்கும் உண்டு. 2024-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, லேசானது முதல் நடுத்தரம் வரையிலான செவித்திறன் குறைவு உள்ளவர்களுக்கு ஏர்பாட்ஸ் ப்ரோ 2-ஐக் காது கேட்கும் கருவியாகப் பயன்படுத்தும் மென்பொருளுக்கு அனுமதி தந்தது. காதுக் கருவியின் விலையைக் கண்டு தயங்கிய எத்தனையோ முதியவர்களுக்கு அது பெரிய வாசல். அதை நான் மனமார வரவேற்கிறேன். அந்த வாசலைத் திறக்க இந்த வாசலை மூடியிருக்க வேண்டியதில்லை என்பதுதான் என் வாதம். ஜாக் இருந்த போன்களிலும் ப்ளூடூத் இருந்ததே!

மூடியதன் விலை குப்பையில் தெரிகிறது. ஒவ்வொரு பட்ஸுக்குள்ளும் கடுகளவு லித்தியம் பேட்டரி. பிசின் போட்டு ஒட்டிய உடம்பு. முதல் ஏர்பாட்ஸைப் பிரித்துப் பார்த்த ஐஃபிக்ஸிட் என்ற பழுதுபார்ப்பு வழிகாட்டித் தளம், பழுதுபார்க்கும் வசதிக்கு 10-க்குப் பூஜ்யம் கொடுத்தது. இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி தளர்ந்தால், நன்றாக ஒலிக்கும் ஸ்பீக்கரையும் சேர்த்து எறியவேண்டும். ஒயர் ஹெட்செட்டில் பின் அருகே ஒயர் அறுந்தால் தெருமுனைக் கடையில் புதுப் பின் வைத்துச் சூடு போட்டுத் தருவார்கள்.

இசைக்காரர்களுக்கு வேறொரு கஷ்டம். ப்ளூடூத்தில் ஒலி வந்துசேரச் சற்றே தாமதமாகும். படம் பார்ப்பவருக்கு மென்பொருள் அதைச் சரிக்கட்டிவிடும். போனில் சுருதி வைத்துப் பாடி, தன் குரலைத் தானே கேட்டுப் பதிவுசெய்பவருக்கு அந்தத் தாமதம் தாளத்தையே குலைத்துவிடும். 2021-ல் ஆப்பிளே தன் பாட்டுச் சேவையில் ஒலி குன்றாத 'லாஸ்லெஸ்' தரத்தைக் கொண்டுவந்தபோது, 549 டாலர் விலையுள்ள தன் ஏர்பாட்ஸ் மேக்ஸில் அதை ஒயரில்லாமல் கேட்க முடியவில்லை.

சோனி 2018-ல் எடுத்த ஜாக்கை 2020-ல் எக்ஸ்பீரியா 1 மார்க் 2-ல் திரும்ப வைத்தது. மற்றபடி ஜாக் இப்போது பெரும்பாலும் விலை குறைந்த போன்களில்தான் மிஞ்சியிருக்கிறது. அப்பாவுக்கும் கடைசியில் பாதி விலையில் அப்படி ஒன்றைத்தான் மாற்றி வாங்கினேன். விலை உயர்ந்த போன் என் கையில் இருக்கிறது.

இந்த விவாதத்தில் என் மனதில் நின்றவர் ஸ்காட்டி ஆலன் என்ற அமெரிக்கப் பொறியாளர். 2017-ல் சீனாவின் ஷென்ஜென் நகரத்தில், மின்னணு உதிரிபாகக் கடைகளுக்கு நடுவே மாதக்கணக்கில் உட்கார்ந்து, தன் ஐபோன் 7-க்குள் மறுபடியும் ஒரு ஜாக்கைப் பொருத்தினார். அடாப்டரைப் பிரித்து உள்ளிருந்த சர்க்யூட்டை எடுத்தார். போனுக்குள் வளைந்து உட்காரும்படி மெல்லிய போர்டு ஒன்றை வடிவமைத்து அச்சடித்தார். நடுவில் திரைகள் உடைந்தன. பழைய ஜாக் இருந்த மூலையில் நிறுவனம் வைத்திருந்த பிளாஸ்டிக் துண்டை அகற்றி, விளிம்பில் துளையிட்டார். அவர் எடுத்த வீடியோவின் கடைசியில் சாதாரண இயர்போன் ஒன்றை அதில் செருகுகிறார். பாட்டு கேட்கிறது.

(தொடரும்)