தள்ளுகையும் அருவருப்பும்

தலவாக்கலையின் செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில் இன்று விளங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தோற்றுவிக்கப்பட்ட அதே 1925ஆம் ஆண்டிலேதான், ஓர் அணுவினுள் இரண்டு இலத்திரன்கள் ஒரே நிலையில் அமைதல் இயலாது என்னும் நியதியைப் பௌலி என்ற பௌதிக விஞ்ஞானி வெளியிட்டார். ஒத்த மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும் என்பதையும், இடைத்தூரம் பாதியானால் அத்தள்ளுகை நான்கு மடங்காகும் என்பதையும் கூலோம் 1785ஆம் ஆண்டிலேயே அளந்து காட்டியிருந்தார். கொழுந்தெடுக்கும் பெண்ணின் விரல் இலையை ஊடுருவிப் போய்விடாமல், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பற்றிக் கிள்ள முடிவது இவ்விரண்டின் பயனே. ஸ்பரிசம் என்று நாம் சொல்வது உண்மையில் தள்ளுகையே; அது இல்லையேல் தாய் குழந்தையை ஏந்தவும் இயலாது. அன்றியும், விரல் இலையைத் தள்ளும் அளவுக்கே இலையும் விரலைத் தள்ளுகிறது. இயற்கையில் ஒருதலையான தள்ளுகை கிடையாது.

மனத்தின் தள்ளுகையோ வேறு ஜாதி. வடமொழி நாட்டிய சாஸ்திரம் ஜுகுப்ஸை என்னும் அருவருப்பைப் பீபத்ஸ ரசத்தின் அடிப்படையாகக் கொண்டது. தொல்காப்பியர் அதற்கு நிகரான இளிவரலை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கினை அதன் நிலைக்களன்களாகக் கூறினார். புழுவையும் அழுகலையும் விட்டுவிட்டு மானிடத் துயரங்களையே அவர் எண்ணியது என்னை எப்பொழுதும் வியக்க வைக்கிறது. முதியவரையும் நோயாளியையும் எளியவரையும் கண்டு கூசும் மனத்தை அவர் எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார்!

அக்கூச்சத்தை இந்திய வம்சாவளியினரான மலையகத்தார் நன்கறிவர். சாயக்கறை படிந்த விரல்களால் பறித்த தேயிலையை விரும்பிப் பருகியவர்களே, அவ்விரல்களுக்குரியோரைத் ‘தோட்டக்காட்டான்’ என்று ஒதுக்கினார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ, அவர்களுடைய சம்மதத்தைக் கேளாமலே, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் தீர்மானிப்பதாக விட்டுவைத்தது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேற 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவ்வாறு இந்தியா செல்லவெனத் தலைமன்னாருக்குப் போக மலையகத்தில் கோச்சி ஏறியவர்களைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்: வண்டி நகரத் தொடங்கிய பின்னும், ஜன்னல் வழியே நீண்ட கைகளை விடாமல் பற்றிக்கொண்டு, மேடை முடியும் வரையில் சனங்கள் கூடவே ஓடினார்களாம்.