குளிர் நீரில் வாழும் டிரவுட்

காஷ்மீரம் போய் வந்தோம் என்றால், "குங்குமப்பூ எங்கே?" என்றுதான் நம் சங்கத்து நண்பர்கள் கேட்கிறார்கள். மீன் பிடிக்கப் போனோம் என்றால் சிரிக்கிறார்கள். சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் நால்வர், ஹர்முக் சிகரத்தின் அடியிலுள்ள கங்காபல் ஏரிக்கு, நாராநாகிலிருந்து நடந்தே ஏறினோம். ஏரியின் உயரம் சுமார் 3,570 மீட்டர். மீன் துறையின் அனுமதிச் சீட்டுப் பெற்றுத்தான் அங்கே தூண்டில் போடலாம்.

அங்கே கிடைப்பது பழுப்பு டிரவுட். உடலெங்கும் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளிகள் கொண்ட அழகிய மீன். ஆனால் அது காஷ்மீரத்தின் சொந்த மீன் அன்று. 1899-இல் கப்பலேறிய முட்டைகள் வழியிலேயே அழிந்தன. 1900-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பிழைத்தன. 'பனி டிரவுட்' என்று வழங்கும் உள்நாட்டு மீன் உண்மையில் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது.

டிரவுட்டுக்குக் குளிர்ந்த நீர் ஏன் வேண்டும்? சோடாவைச் சூடாக்கினால் வாயு வெளியேறிவிடுகிறதல்லவா? பிராணவாயுவும் அப்படித்தான். கடல் மட்டத்தில், 10 டிகிரி குளிர்ந்த நீர் லிட்டருக்குச் சுமார் 11.3 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் சுமார் 7.5 மட்டுமே.

இங்கே ஒரு சிக்கல். கங்காபல் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைப்போல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே அங்கே 10 டிகிரி நீரிலும் 7.3 மில்லிகிராம் அளவே கரையும். நம்மூர்க் குளத்து வெந்நீரின் கணக்குத்தான்! பின் டிரவுட் எப்படி வாழ்கிறது?

விடை செலவுக் கணக்கில் இருக்கிறது. மீனுக்கு நம்மைப்போல் நிலையான உடற்சூடு இல்லை. நீர் குளிர்ந்தால் அதன் உடலியக்கம் மந்தமாகும். பிராணவாயுத் தேவையும் குறையும். நீர் சூடேறினாலோ வரவு குறையும், செலவு ஏறும். சுமார் 25 டிகிரியில் பழுப்பு டிரவுட் நெடுநேரம் பிழைப்பது அரிது.

தூண்டில்காரருக்கும் இதில் பாடம் உண்டு. ஓடை ஏரியில் கலக்கும் இடத்தில் நீர் புரண்டு காற்றைக் கலக்கிக்கொள்கிறது. பூச்சிகளும் அடித்து வரப்படுகின்றன. எங்களுக்குக் கிடைத்த இரண்டு மீன்களும் அந்த வாயிலில் அகப்பட்டவையே. சிறியதைத் திருப்பி விடும்போது கையை நனைத்துக்கொண்டோம். உலர்ந்த கை மீனின் வழுவழுப்பான காப்புப் படலத்தை உரித்துவிடும்.

உலகம் வெப்பமாகி வரும் இந்நாளில் இக்கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. ஏரி சூடேறினால் மீன் ஆழத்திற்கு இறங்கித் தப்பலாம். ஆனால் குளிர்காலத்தை ஒட்டி முட்டையிட ஓடையின் கூழாங்கல் படுகைக்குத்தான் அது வந்தாக வேண்டும். கோடையில் அந்த ஓடைக்கு நீர் ஊட்டுவதோ உருகும் பனி. பனி சுருங்கினால் ஓடையும் சுருங்கும். ஏரி இருந்தும் குஞ்சு இராது.