வால்சக்கர வானூர்தியை ஓட்டப் பயிலுதல்

வால்சக்கர வானூர்தி என்பது, முன்பகுதியில் இரண்டு பெரிய சக்கரங்களும் வாலின் அடியில் ஒரு சிறிய சக்கரமும் கொண்ட வானூர்தி ஆகும். தரையில் நிற்கும்போது இதன் மூக்கு மேல்நோக்கி நிமிர்ந்தும் வால் தாழ்ந்தும் இருக்கும். இன்றைய பயிற்சி வானூர்திகளில் பெரும்பாலானவை மூக்கின் அடியில் சக்கரம் கொண்டவை. பறக்கும்போது இவ்விரு வகைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு தரையில்தான் உள்ளது. எனவே, வால்சக்கர வானூர்தியை ஓட்டப் பயிலும் மாணவர் தரையில் ஓட்டுவதையும், மேலெழுவதையும், இறங்குவதையுமே புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

வரலாறு

தொடக்ககால வானூர்திகளில் பலவற்றுக்கு வாலின் அடியில் சக்கரத்திற்குப் பதிலாக ஒரு சறுக்குக் கட்டை இருந்தது. புல்வெளியில் இறங்கிய அக்காலத்தில் அதுவே போதுமானதாக இருந்தது. பின்னர் கட்டை போய்ச் சக்கரம் வந்தது. 1940கள் வரை இந்த அமைப்பே வழக்கமானதாக இருந்ததால், இன்றும் இதனை 'மரபுவழிச் சக்கர அமைப்பு' என்று அழைக்கின்றனர்.

அமெரிக்காவில் 1938 முதல் 1947 வரை உருவாக்கப்பட்ட பைப்பர் ஜே-3 கப் இவ்வகையில் மிகவும் புகழ்பெற்றது. ஏறத்தாழ 20,000 வானூர்திகள் கட்டப்பட்டன. இவற்றில் பெரும்பாலானவை 65 குதிரைத்திறன் எஞ்சினைக் கொண்டவை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க அரசின் குடிமக்கள் விமானிப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்த பலர் இதில்தான் முதன்முதலில் பறந்தனர். பிரித்தானியாவில் 1931இல் பறந்த டைகர் மாத் அதே பணியைச் செய்தது. இந்தியாவில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் உருவாக்கி 1951இல் பறக்கவிட்ட எச்.டி-2, 1958இல் பறக்கவிட்ட புஷ்பக் ஆகியவையும் வால்சக்கரப் பயிற்சி வானூர்திகளே.

1956இல் விற்பனைக்கு வந்த செஸ்னா 172 போன்ற மூக்குச்சக்கர வானூர்திகள் இறங்குவதை எளிதாக்கின. அதன்பின் பயிற்சிப் பள்ளிகள் படிப்படியாக அவற்றுக்கு மாறின.

தரையில் ஏன் கடினம்?

இதற்கான காரணம் ஈர்ப்பு மையம் இருக்கும் இடம். வால்சக்கர வானூர்தியில் ஈர்ப்பு மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் உள்ளது. மூக்குச்சக்கர வானூர்தியில் அது முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னால் உள்ளது.

ஒரு நீண்ட குச்சியின் மேல்நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டால், அது ஆடினாலும் தானாக நேர்நிலைக்கு வந்துவிடும். அதே குச்சியை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தினால், சிறிது சாய்ந்தாலும் மேலும் மேலும் சாய்ந்து விழும். கையை இடைவிடாமல் நகர்த்திக்கொண்டே இருந்தால்தான் அது நிற்கும். மூக்குச்சக்கர வானூர்தி தொங்கும் குச்சியைப் போன்றது. வால்சக்கர வானூர்தி உள்ளங்கையில் நிற்கும் குச்சியைப் போன்றது. ஓடும்போது மூக்கு சிறிது திரும்பினாலும், பின்னால் உள்ள எடை முன்னே செல்ல முயன்று திருப்பத்தை மேலும் பெரிதாக்கும்.

அதைத் தடுக்காவிட்டால் வானூர்தி சக்கரங்களைச் சுற்றித் திடீரெனச் சுழன்றுவிடும். இதற்குத் தரைச்சுழற்சி என்று பெயர். அப்போது திருப்பத்தின் வெளிப்புற இறக்கை தரையில் உரசலாம். சக்கரக் கால் முறியலாம். சுழல்விசிறி தரையில் மோதினால் எஞ்சினையும் பிரித்துச் சோதிக்க நேரும்.

தரையில் ஓட்டுதல்

மூக்கு உயர்ந்திருப்பதால் பல வால்சக்கர வானூர்திகளில் நேர் எதிரே உள்ளவை விமானிக்குத் தெரிவதில்லை. ஆகவே, மாணவர் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து ஓட்டி, பக்கவாட்டில் பார்த்து முன்னேறுகிறார். கப் வானூர்தியில் தனியாகப் பறப்பவர் பின் இருக்கையில் அமர வேண்டும். பயிற்சியின்போது முன்னால் பயிற்றுநர் அமர்ந்தால் அவருடைய முதுகும் பார்வையை மறைக்கும். ஓடுபாதையின் இரு ஓரங்களையும் ஒரே நேரத்தில் கவனித்து நேர்க்கோட்டை அறியும் பழக்கம் இதனால் உருவாகிறது.

காற்றின் திசையையும் எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும். எதிர்க்காற்றில் கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னுக்கு இழுத்து வாலைத் தரையில் அழுத்த வேண்டும். பலமான காற்று பின்னாலிருந்து வீசினால் தண்டை முன்னுக்குத் தள்ள வேண்டும். இல்லையெனில் காற்று வாலைத் தூக்கிவிடக்கூடும்.

மேலெழுதல்

வேகம் கூடியதும் மாணவர் தண்டை முன்னுக்குத் தள்ளி வாலை உயர்த்துகிறார். சுழலும் விசிறி ஒரு பம்பரத்தைப் போல் செயல்படுவதால், வால் உயரும் அந்த நொடியில் மூக்கு பக்கவாட்டில் இழுக்கப்படும். விமானியின் இருக்கையிலிருந்து பார்க்கும்போது விசிறி வலஞ்சுழியாகச் சுற்றினால் மூக்கு இடப்பக்கம் திரும்பும். எஞ்சினின் முறுக்குவிசையும் விசிறிக் காற்றும் இதே திசையில் சேர்ந்துகொள்ளும். வலது காலால் சுக்கான் மிதியை அழுத்தி இதைச் சரிசெய்ய வேண்டும். விசிறி எதிர்த்திசையில் சுற்றும் வானூர்திகளில் இடது காலை அழுத்த வேண்டும்.

இறங்குதல்

இறங்குவதில் இரண்டு முறைகள் உள்ளன.

முப்புள்ளி இறக்கம்: ஓடுபாதைக்குச் சற்று மேலே வேகத்தைக் குறைத்து, தண்டை மெல்லப் பின்னுக்கு இழுத்து, மூன்று சக்கரங்களும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும்படி இறங்குவது. முன்சக்கரங்கள் மட்டும் வேகமாக மோதினால், பின்னால் உள்ள எடை வாலைக் கீழே இறக்கும். இறக்கையின் சாய்வு கூடி, தூக்குவிசை அதிகரித்து, வானூர்தி மீண்டும் மேலே துள்ளும். பெரிதாகத் துள்ளினால் எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து, மேலே எழும்பிச் சுற்றி வந்து மீண்டும் இறங்குவதே பாதுகாப்பானது.

முன்சக்கர இறக்கம்: சற்றுக் கூடுதல் வேகத்தில், வாலை உயர்த்தியபடியே முன்சக்கரங்களில் இறங்குவது. சக்கரங்கள் தொட்டவுடன் தண்டைச் சிறிது முன்னுக்குத் தள்ளினால் தூக்குவிசை குறைந்து வானூர்தி தரையில் ஒட்டிக்கொள்ளும். வேகம் குறைந்ததும் வால் தானாகத் தாழும்.

பக்கக் காற்றில், காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப்பக்கச் சுக்கானால் மூக்கை நேராக வைத்து இறங்க வேண்டும். தரையைத் தொட்ட பின்னர்தான் ஆபத்து கூடுகிறது. வேகம் குறையக் குறையச் சுக்கானின் ஆற்றலும் குறைகிறது. பயிற்சி பெறுபவரோ இறங்கிவிட்ட நிம்மதியில் கால்களைத் தளர்த்திவிடுகிறார். தரைச்சுழற்சிகள் பல இந்த இடைவெளியில்தான் நிகழ்கின்றன. ஆகவே, வானூர்தி முற்றிலும் நிற்கும் வரை கால்கள் வேலை செய்ய வேண்டும் என்பதைப் பயிற்றுநர்கள் திரும்பத் திரும்ப வலியுறுத்துகின்றனர். சுக்கானைச் சிறிதாகவும் விரைவாகவும் அழுத்தி உடனே விட வேண்டும். நீண்ட நேரம் அழுத்தினால் மறுபக்கத் திருப்பம் தொடங்கிவிடும். பிரேக்கைப் பலமாக அழுத்தினால் வானூர்தி மூக்கு குப்புற விழக்கூடும்.

விதிமுறைகள்

அமெரிக்காவில், விமானி உரிமம் பெற்றவரும் வால்சக்கர வானூர்தியைப் பொறுப்பேற்று ஓட்டுவதற்குப் பயிற்றுநரின் தனி ஒப்புதலைத் தம் பறப்புப் பதிவேட்டில் பெற வேண்டும். இயல்பான நிலையிலும் பக்கக் காற்றிலும் மேலெழுதல், இறங்குதல், முன்சக்கர இறக்கம், இறங்காமல் மீண்டும் எழுதல் ஆகியவற்றில் தேர்ச்சி காட்ட வேண்டும். முன்சக்கர இறக்கம் கூடாது எனத் தயாரிப்பாளர் பரிந்துரைத்த வானூர்திகளில் அது தேவையில்லை. குறைந்தபட்ச மணிநேரம் எதுவும் வரையறுக்கப்படவில்லை, தேர்ச்சியே அளவுகோல். 1991 ஏப்ரல் 15க்கு முன்பே இத்தகைய வானூர்தியைப் பொறுப்பேற்று ஓட்டியவர்களுக்கு இவ்விதி பொருந்தாது. பயணிகளை ஏற்றிச் செல்ல விரும்புபவர், முந்தைய 90 நாட்களுக்குள் மூன்று முறை மேலெழுந்து, மூன்று முறை முழுமையாக நிற்கும்வரை இறங்கியிருக்க வேண்டும்.

இன்றைய பயன்பாடு

வால்சக்கர அமைப்பு எடை குறைந்தது. கரடுமுரடான தரையில் விசிறிக்குக் கூடுதல் இடைவெளி தருவது. எனவே அலாஸ்காவின் ஆற்றுமணல் திட்டுகளில் இறங்கும் வானூர்திகளிலும், பயிர்களுக்கு மருந்து தெளிக்கும் வானூர்திகள் பலவற்றிலும், பிட்ஸ் போன்ற சாகச வானூர்திகளிலும் இது தொடர்கிறது.

முதல் நாளிலிருந்தே இதில் பயில்பவர் தனியாகப் பறக்கக் கூடுதல் நாட்கள் ஆகலாம். ஆனால், மூக்குச்சக்கர வானூர்தியில் பழகிய பின் வருபவர், கால்களை ஓய்வாக வைத்திருக்கும் பழக்கத்தை முதலில் மறக்க வேண்டியிருக்கும். இங்கே கற்ற கால் பழக்கமும் காற்றைக் கவனிக்கும் பழக்கமும் பின்னர் எந்த வானூர்தியை ஓட்டினாலும் பயன்படுகின்றன.