காற்றில் வரும் ஏவலும் ஒரு புள்ளியும்

ஏடெழுதினோர் ஓலை கிழியுமென்று அஞ்சி மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இட்டிலர். படிப்போர் பொருளறிந்து கூட்டிக்கொண்டனர். இயந்திரத்துக்கோ அவ்வறிவு இல்லை.

1952ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில், துளையிட்ட நாடாவிலுள்ள எண்களின்படி உலோகஞ் செதுக்கும் பொறியொன்று இயங்கிக் காட்டியது. நாடாவின் இடத்தைப் பின்னர்க் கம்பி பெற்றது. இன்று பழைய பொறியின் பின்புறத்து வாயிலிற் சிறு பெட்டியொன்றைப் பொருத்தி, கணினியிலிருந்து வைஃபை வழியாகவே ஏவற்கோப்பை அனுப்புகின்றனர். எம் அன்புவழிபுரத்து இளைஞரும் நாளை கோயம்புத்தூர்ப் பட்டறையிலோ கொழும்பு ஆலையிலோ இப்பணியை ஏற்கலாம். ஆதலின் இதனை எழுதுகின்றோம்.

பலரும் காற்றையே ஐயுறுவர். அது வீண் அச்சம். பழுதான துண்டை வைஃபை தானே மீண்டும் அனுப்பும். இடர் இருப்பது பெட்டிக்கும் பொறிக்கும் இடைப்பட்ட ஒரு முழக் கம்பியில். அங்கே எழுத்துகள் ஒவ்வொன்றாகச் செல்லும். இருபுறத்து வேகமும் ஒத்திருத்தல் வேண்டும். பொறி ‘பொறு’ என்றதும் பெட்டி நிற்றல் வேண்டும். நில்லாவிடின் எழுத்துகள் தவறும்.

தவறியது ஒரு புள்ளியாயின்? கருவியை ‘10.’ மில்லிமீற்றர் உயர்த்துக என்னும் ஏவல் புள்ளியிழந்து ‘10’ ஆனால், பழைய பொறிகள் பல அதனை மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கெனக் கொள்ளும். உயராத கருவி பக்கவாட்டில் ஓடி உலோகத்தில் மோதும். அருகில் நிற்பவருக்கும் ஆபத்து. எனவே பொறி பெற்றதைக் கணினிக்கு மீள அனுப்புவித்து, ஏடு ஒப்புநோக்குவார்போல் எழுத்துக்கெழுத்து ஒத்துப் பார்த்த பின்னரே அதனை இயக்குதல் வேண்டும்.