பாவசங்கீர்த்தன வேளையில் விழுந்த குண்டு



1945ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 9ஆம் திகதி. யப்பானின் நாகசாகி நகரிலுள்ள உரகாமி பேராலயத்தில், மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளுக்கு ஆயத்தமாகப் பாவசங்கீர்த்தனம் நடைபெற்றுக்கொண்டிருந்தது. முற்பகல் 11.02க்கு, அங்கிருந்து ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் தொலைவில் வானிலே அணுகுண்டு வெடித்தது. ஆலயத்தினுள் இருந்த குருக்களும், தம் முறைக்காகக் காத்திருந்தோரும் மாண்டனர். அப்பங்கின் சுமார் 12,000 கத்தோலிக்கருள் ஏறத்தாழ 8,500 பேர் உயிரிழந்தனர். வேதகலாபனைக் காலத்தில், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குருக்களின்றி மறைவில் விசுவாசத்தைக் காத்தவர்களின் வழிவந்தோர் இவர்கள்.

குண்டு கொண்டுசென்ற விமானங்கள் டினியன் தீவிலிருந்து புறப்பட்டன. அங்கிருந்த அமெரிக்க வீரர்களின் ஆன்ம குருவான ஜோர்ஜ் சபெல்காவும் ஒரு கத்தோலிக்கரே. அன்று தாம் எதிர்த்து ஒரு வார்த்தையேனும் பேசவில்லையே என்று பிற்காலத்தில் அவர் மனம் வருந்தினார். அதனைப் பகிரங்கமாக அறிக்கையிட்டார். யப்பானுக்கே சென்று மன்னிப்பும் கேட்டார்.

மனஸ்தாபம் மட்டும் போதாது, இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினையும் வேண்டும் என மறைக்கல்வி வகுப்பில் படித்திருப்பீர்கள். உலக வல்லரசுகள் தடுக்கி நிற்பது இந்த இடத்தில்தான். 1970இல் நடைமுறைக்கு வந்த அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கையின்படி, ஆயுதம் இல்லாத நாடுகள் அதைத் தேடுவதில்லை என வாக்களித்தன. வைத்திருந்த ஐந்து நாடுகள் ஆயுதக் களைவை நோக்கி நேர்மையாகப் பேசுவோம் என்றன. முதல் வாக்கைச் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் பரிசோதகர்கள் நேரில் சென்று சோதிக்கின்றனர். இரண்டாவதற்குக் காலக்கெடுவே இல்லை. 1995இல் நியூயோர்க்கில், நம் நாட்டின் ஜயந்த தனபால தலைமை வகித்த மாநாட்டில், இவ்வுடன்படிக்கை காலவரையறையின்றி நீடிக்கப்பட்டது. ஐந்தாக இருந்த நாடுகள் இன்று ஒன்பது.

திருச்சபையும் இவ்விடயத்தில் தன்னைத்தானே சோதித்துக்கொண்டது. ஆயுதக் களைவுக்கான ஒரு படியாக மட்டும் அணுவாயுத அச்சுறுத்தலைச் சகிக்கலாம் என 1982இல் திருத்தந்தை 2ஆம் அருளப்பர் சின்னப்பர் கருதினார். அந்தப் படியிலேயே வல்லரசுகள் குடியிருந்துவிட்டன. 2017இல் திருத்தந்தை பிரான்சிஸ், அவற்றை வைத்திருப்பதையே கண்டித்தார். அவ்வாண்டு ஜூலையில் 122 நாடுகளின் வாக்குகளால் நிறைவேறிய அணுவாயுதத் தடை உடன்படிக்கையை முதலில் ஏற்றுறுதி செய்தோருள் வத்திக்கானும் ஒன்று. இலங்கை 2023இல் இணைந்தது. அந்த ஒன்பது நாடுகளுள் ஒன்றேனும் இணையவில்லை. அமெரிக்காவின் அணுக் குடையின் கீழுள்ள யப்பானும் இணையவில்லை.

கையொப்பத்தால் குண்டு மறைந்துவிடுமா என நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயினும் 1986இல் உலகில் ஏறத்தாழ 70,000 அணுவாயுதங்கள் இருந்தன; இன்று சுமார் 12,000. இக்குறைவின் பெரும்பகுதி, பகைவர்களாகிய அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒருவர் களஞ்சியத்தை மற்றவர் வந்து பார்க்க இசைந்த காலத்தில் நிகழ்ந்தது. அவ்விரு நாடுகளையும் கட்டுப்படுத்திய இறுதி உடன்படிக்கை 2026 பெப்ரவரியில் காலாவதியாயிற்று.

உரகாமி பேராலயத்தின் இரு மணிகளுள் ஒன்று இடிபாடுகளிலிருந்து முழுமையாக மீட்கப்பட்டது, மற்றையது சிதைந்துபோனது. அதற்குப் பதிலாக அமெரிக்கக் கத்தோலிக்கர் நிதி திரட்டி ஒரு மணியை வழங்கினர். 2025 ஓகஸ்ட் 9ஆம் திகதி முற்பகல் 11.02க்கு, எண்பது ஆண்டுகளின் பின் அப்பேராலயத்தில் இரு மணிகளும் ஒன்றாக ஒலித்தன.