ஒரே ஸ்பீக்கர்... ஊருக்கு ஒரு விலை!

எங்கள் ஏரல் கடைத்தெருவில் குண்டூசி முதல் குத்துவிளக்கு வரை கிடைக்கும். சுற்றுப்பட்டு கிராமங்களுக்கு இதுதான் தி.நகர். ஆனால், இங்கிலாந்தில் செய்த ஒரு ஜோடி ஸ்பீக்கர் வேணும் என்று கேட்டுப் பாருங்கள்... அண்ணாச்சி மேலும் கீழும் பார்ப்பார். "கோயில் கொடைக்கா தம்பி? குழாய் செட்டு போதாதா?"

வீட்டில் பாட்டுக் கேட்க என்றால், சென்னைக்குத்தான் போன் போட வேண்டும். போட்டேன். ஷோரூம்காரர் சொன்ன விலை, என் ஆறு மாதச் சம்பளம். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகனிடம் விசாரித்தேன். அங்கே அதே மாடல் நாலரை மாதச் சம்பளம் (என் சம்பளம் சார், அவன் சம்பளம் இல்லை!). இங்கிலாந்தில் நாலு மாதம். அதே பெட்டி, அதே சத்தம். விலை மட்டும் ஏன் இப்படித் துள்ளுகிறது?

"எல்லாம் வரி சார், வரி!" என்பார்கள். பாதிதான் உண்மை.

மீதிப் பாதி புரிய சினிமாவுக்கு வாருங்கள். படத்தை ஏரியா பிரித்து விற்பார்கள் இல்லையா? திருநெல்வேலி - கன்னியாகுமரிக்கு ஒருவர், மதுரை - ராமநாதபுரத்துக்கு ஒருவர். மதுரைக்காரர் இங்கே வந்து படம் ஓட்ட முடியாது. உசத்தி ஆடியோ சாமான்களிலும் பெரும்பாலும் இதே கதைதான். ஒரு நாடு, ஒரு வினியோகஸ்தர். டீலர்கள் எல்லோரும் அவரிடம்தான் சரக்கு எடுக்க வேண்டும்.

இப்போது ஓர் உத்தேசக் கணக்கு. கம்பெனி விலை 100 ரூபாய். கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ் 5 ரூபாய். சுங்க வரி 15 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரிக்கு மேல் ஒரு பத்து சதவீத சர்சார்ஜ் (வரிக்கே வரி!). ஆக 122 ரூபாய் சொச்சம். வினியோகஸ்தர் 30 சதவீதம் வைக்கிறார்: 159. டீலர் ஒரு 30 சதவீதம்: 207. அதன் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் போட்டால், உங்கள் கைக்கு வரும்போது 244 ரூபாய்!

இங்கிலாந்தில் கம்பெனியே நேராகக் கடைக்குக் கொடுத்துவிடுகிறது. 100 ரூபாய், கடைக்காரரின் 30 சதவீதம், 20 சதவீத 'வாட்' வரி... மொத்தம் 156.

நம் கணக்கில் சுங்க வரியை அடியோடு எடுத்துவிட்டால் 35 ரூபாய்தான் குறையும். வினியோகஸ்தரின் பங்கை எடுத்தால் 56 ரூபாய் குறையும். ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் சேர்ந்த எல்லாவற்றின் மேலும் சதவீதம் போடுகிறார் அல்லவா, அதுதான் சூட்சுமம். வட்டிக்கு வட்டி மாதிரி!

வினியோகஸ்தரை வில்லனாக்க வேண்டாம். இது என்ன, தினமும் விற்கிற பனியனா? காசு போட்டு இறக்கிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார். நடுவில் ரூபாய் மதிப்பு சரிந்தால் நஷ்டம் அவருக்கு. டெமோ செட், ஸ்பேர் பார்ட்ஸ், வாரண்டி எல்லாம் அவர் தலையில். அந்தக் கூலி நியாயமே.

கூலியோடு வேலியும் போடும்போதுதான் தகராறு. 1970-களில் பிரான்சில் பயனீர் ஹை-ஃபை செட்டுகள் ஜெர்மனி, பிரிட்டனைவிட விலை அதிகம். பக்கத்து நாட்டில் சல்லிசாக வாங்கிவந்து பிரான்சில் விற்கச் சிலர் கிளம்பினார்கள். பிரெஞ்சு வினியோகஸ்தர் புகார் செய்ய, அவர்களுக்குச் சரக்கு நின்றது. ஐரோப்பிய கமிஷன் சும்மா விடவில்லை. 1979-ல் பயனீரின் ஐரோப்பியக் கம்பெனிக்கும் மூன்று வினியோகஸ்தர்களுக்கும் அபராதம் தீட்டியது. 1983-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தொகையைக் குறைத்தது. ஆனால் செய்தது தப்புதான் என்றது.

நம் ஊரிலும் இப்படி ஒரு வழக்கு உண்டு. வெளிநாட்டிலிருந்து அசல் சாம்சங் பிரிண்டர்களை நேரடியாக இறக்கி விற்றார்கள் என்று கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. 2012 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச், 'அசல் சரக்கை இறக்கி விற்கலாம். ஆனால் இது நேரடி இறக்குமதி, சாம்சங் வாரண்டி கிடையாது என்று பளிச்சென்று எழுதி வையுங்கள்' என்றது.

2001 ஏப்ரல் 1-ல் கடைசி இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் நீங்கும் வரை, 'ஃபாரின் செட்' வேண்டுமென்றால் துபாய் மச்சானோ பர்மா பஜாரோதான் கதி. இன்று எல்லா வழியும் திறந்திருக்கிறது. குழப்பமும் கூடியிருக்கிறது. அதனால் பர்ஸைத் திறக்கும் முன்...

விலையை ஒப்பிடும்போது வரியைப் பாருங்கள். இங்கிலாந்துக் கடை விலையில் வரி அடக்கம். அமெரிக்கக் கடையில் பில் போடும்போதுதான் சேர்ப்பார்கள்.

ஜப்பான் ஆம்ப்ளிஃபயர் மலிவு என்று தூக்கி வராதீர்கள். அவர்கள் கரண்ட் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, நமக்கு 230. ஸ்விட்சைத் தட்டினால் பாட்டு வராது, புகைதான் வரும். கரண்ட் ஒயரே இல்லாத சாதா ஸ்பீக்கருக்கு இந்தத் தொல்லை இல்லை.

வாரண்டி எந்த நாட்டில் செல்லும் என்று எழுத்தில் கேளுங்கள். ஏர்போர்ட் சுங்க வரியையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

உள்ளூர் டீலரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "ஸ்பேர் இருக்கா? ரிப்பேர் எங்கே செய்வீங்க? எத்தனை நாளாகும்? டெமோ பீஸை என்ன விலைக்குத் தருவீங்க?" டீலர் தன் பங்கிலிருந்து விட்டுக்கொடுக்க இடம் உண்டு, கேட்காதவருக்கு அது கிடைக்காது.

கூடுதலாகக் கேட்கும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு அவர் என்ன செய்வார் என்று சொல்லட்டும். தெளிவாகச் சொன்னால் அங்கேயே வாங்குங்கள். மென்று முழுங்கினால்... சிங்கப்பூர் ஃப்ளைட்டில் எத்தனை கிலோ லக்கேஜ் விடுவார்கள் என்று விசாரியுங்கள்!