அமிர்த மகால் மாடு: பெயர் வந்த விதம்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டார விவசாயிகள் மைசூர்ப் பக்கத்து மாடுகளை நன்கு அறிவார்கள். நெற்றியின் உச்சியில் நெருங்கி முளைத்து, பின்னோக்கி நீண்டு, கறுத்த கூர்நுனியுடன் முடியும் கொம்புகளை உடைய சாம்பல் நிற மாடுகளில் ஒன்று ‘அமிர்த மகால்’. பெயரில் அமிர்தம் இருப்பதால் இது நல்ல கறவை இனம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு ஈத்துக்கு இதன் பால் சராசரியாக 570 கிலோ அளவே. கன்று குடித்தது போக வீட்டுக்கு மிஞ்சுவது கொஞ்சந்தான்.

அப்படியானால் இந்தப் பெயர் ஏன் வந்தது? இது மாட்டுக்கு வைத்த பெயரே அல்ல. ஓர் இலாகாவின் பெயர். 1673 முதல் 1704 வரை மைசூரை ஆண்ட சிக்கதேவராஜ உடையார் அரண்மனை மாட்டு மந்தைகளைக் கவனிக்க ஓர் இலாகா வைத்திருந்தார். அதற்குக் கன்னடத்தில் ‘பெண்ணே சாவடி’ என்று பெயர். பெண்ணே என்றால் வெண்ணெய். சாவடி நமக்கும் தெரிந்த சொல்தான். அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் கொடுத்தவை அந்த மந்தைகள். பின்னர் திப்பு சுல்தான் இதை ‘அமிர்த மகால்’ என்று மாற்றினார். மகால் என்றதும் நமக்கு மதுரை திருமலை நாயக்கர் மகால்தான் நினைவுக்கு வரும். ஆனால் அக்கால அரசாங்க வழக்கில் நிர்வாகப் பிரிவுக்கும் மகால் என்றே பெயர். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளைப் பாரா மகால் என்று அழைத்ததும் அவ்வழக்கில்தான்.

பெயர் பாலிலேயே நின்றுவிட்டது. மாட்டின் வேலையோ மாறிவிட்டது. ஹைதர் அலியும் திப்புவும் பீரங்கியும் தளவாடமும் இழுக்க இம்மந்தைக் காளைகளையே நம்பினார்கள். ஹைதரின் படை சிதம்பரத்தைக் காக்க இரண்டரை நாளில் 100 மைல் கடந்ததற்கு இக்காளைகளே காரணம் என்று பழைய மைசூர்க் குறிப்புகள் கூறுகின்றன. ஹல்லிகார் இனத்தை மூலமாகக் கொண்ட இம்மந்தைகளில் தலைமுறை தலைமுறையாக வேகத்துக்கும் தாங்கும் சக்திக்குமே பொறுக்கியெடுத்தார்கள். மடியை யார் பார்த்தார்கள்? 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் ஆங்கிலேயரும் படைக்காகவே மந்தைகளை வைத்திருந்தார்கள். 1860-ல் சிக்கனம் என்று சொல்லி விற்றார்கள். நல்ல காளை கிடைக்காமல் போகவே 1866-ல் மறுபடி தொடங்கினார்கள்!

இம்மந்தைகளுக்கென்று ஒதுக்கிய மேய்ச்சல் நிலங்களுக்குக் ‘காவல்’ என்று பெயர். கோடைக்கு, மழைக்கு, குளிருக்கு எனத் தனித்தனிக் காவல்கள் உண்டு. ஆள் நடமாட்டம் குறைந்த காவல்களில் வளர்ந்ததால் இம்மாடுகளுக்கு முரட்டுக் குணம் அதிகம். அடித்துப் பழக்கினால் மேலும் மிரளும்.

ஆகவே, உழவுக்கும் வண்டிக்கும் காளை வேண்டுவோர் இவ்வினத்தைத் தாராளமாக நாடலாம். பாலுக்காகப் பசு வாங்குவோர், தரகர் பெயரைச் சொல்லி விலையை ஏற்றினால், இரண்டு வேளை கறந்து அளந்து பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.